ஊரே நடிக்கும் நாடகம்: ‘தி மியூசிக் மேன்’ ஏன் இன்னும் மேடையேறுகிறது

‘தி மியூசிக் மேன்’ இசை நாடகத்தின் கடைசிக் காட்சியில் சிறுவர்களின் பேண்டு ஒன்று வாசித்தாக வேண்டும். அவர்களுக்கு வாசிக்கத் தெரியாது. கற்றுக்கொடுப்பதாகச் சொல்லி, வாத்தியத்துக்கும் சீருடைக்கும் ஊரிடம் பணம் வாங்கிய ஹெரால்டு ஹில்லுக்கும் சங்கீதத்தில் அரிச்சுவடிகூடத் தெரியாது. மெட்டை மனசுக்குள் நினைத்துக்கொண்டே இருந்தால் போதும், வாசிப்பு தானாக வந்துவிடும் என்று ‘நினைப்பு முறை’ ஒன்றைச் சொல்லி நாளைக் கடத்திய எத்தன் அவன். குட்டு உடைந்து, தார் பூசி ஊரைவிட்டுத் துரத்த ஆட்கள் தயாராக நிற்கும் வேளையில், அவன் கையில் கோலைக் கொடுத்து நடத்தச் சொல்கிறார்கள். பீத்தோவனின் ஜி மேஜர் மினுவெட் என்று அரைகுறையாக அடையாளம் காணத்தக்க ஓர் இரைச்சல் எழுகிறது. கூட்டத்திலிருந்து ஒரு தாய் தன் பிள்ளையின் பெயரைச் சொல்லிப் பெருமிதத்தோடு கூவுகிறாள். பிறகு இன்னொருத்தி. ஊரின் கோபம் அத்தோடு தீர்ந்தது.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு என்பதையே உச்சக்காட்சியாக வைத்து எழுதப்பட்ட நாடகம் இது. 1957 டிசம்பர் 19 அன்று பிராட்வேயின் மெஜஸ்டிக் தியேட்டரில் அரங்கேறியபோது, தேர்ந்த கலைஞர்கள் தேராதவர்களைப் போல நடிக்க வேண்டியிருந்தது. பணம் கொடுத்து வந்த அந்நியர்கள் பெற்றோரின் நெகிழ்ச்சியைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஊர்க்காரர்களே நடிக்கும் அமெரிக்கச் சிற்றூர் ஒன்றின் கம்யூனிட்டி தியேட்டரில் இரண்டுக்கும் அவசியமில்லை. டிரம்பெட்டைத் தலைகீழாகப் பிடித்திருக்கும் பையனின் அம்மா நிஜமாகவே மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். இந்த நாடகம் சிற்றூர் மேடைகளை விட்டு இறங்காததற்குப் பழைய நினைவுகளின் மேல் உள்ள ஆசையைக் காரணமாகச் சொல்வார்கள். எனக்கு அது போதுமான விளக்கமாகப் படவில்லை. அமெச்சூர்கள் நடிக்கும்போதுதான் முழுமை பெறுகிற மாதிரி அந்தப் பிரதியே கட்டப்பட்டிருக்கிறது என்பதே என் வாதம். அதை நிறுவ, முதலில் கம்யூனிட்டி தியேட்டர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

கதை நடப்பது 1912ஆம் ஆண்டு, அயோவா மாநிலத்தின் ரிவர் சிட்டி என்ற கற்பனை ஊரில். அதே 1912இல், பக்கத்து மாநிலமான இல்லினாயின் சிகாகோவில் மாரிஸ் பிரவுன் என்பவர் ‘சிகாகோ லிட்டில் தியேட்டர்’ என்ற சிறிய அரங்கைத் தொடங்கினார். வணிக நாடகத்தின் படாடோபத்தை வெறுத்து, சிறிய கூடத்தில் தீவிர நாடகங்களைப் போடுவது அவர் நோக்கம். அது ஓர் இயக்கமாகப் பரவியது. 1915இல் கடலோரக் கிராமமான பிராவின்ஸ்டவுனில் தொடங்கிய குழு நாடகாசிரியர் யூஜின் ஓநீலை உலகுக்குக் காட்டியது. 1917இல் லூயிஸ் பர்லே கம்யூனிட்டி தியேட்டரின் கொள்கையையும் நடைமுறையையும் பற்றித் தனி நூலே எழுதினார். அயோவாவின் தலைநகர் டெ மாயினில் 1919இல் ஒரு லிட்டில் தியேட்டர் சங்கம் உருவாயிற்று. அதுவரை ரயிலேறி ஊர் ஊராக வந்துகொண்டிருந்த தொழில்முறை நாடகக் கம்பெனிகளைச் சினிமா விழுங்கிக்கொண்டிருந்த காலம் அது. வெளியிலிருந்து நாடகம் வருவது நின்றதும் ஊர்க்காரர்களே நடிக்க ஆரம்பித்தார்கள்.

அயோவாவுக்கு ஆற்றின் மறுகரையில், நெப்ராஸ்காவின் ஒமாஹாவில் 1924இல் தொடங்கிய கம்யூனிட்டி பிளேஹவுஸில் நடிகர் தட்டுப்பாடு வந்தபோது, டோரதி பிராண்டோ என்ற குடும்பத் தலைவி தெரிந்தவர் வீட்டுப் பையன் ஒருவனை வற்புறுத்தி மேடையேற்றினார். அவன் ஹென்றி ஃபோண்டா. அந்த அம்மாளுக்கு அப்போது கைக்குழந்தையாக இருந்தவன் மார்லன் பிராண்டோ. இந்தத் தகவலை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்லிவிட்டேன். ஆனால் கம்யூனிட்டி தியேட்டரை அது உருவாக்கிய நட்சத்திரங்களைக் கொண்டு அளப்பது சரியான அளவுகோல் அல்ல. அங்கே நடிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் மறுநாள் காலை பல் மருத்துவமனைக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போகிறவர்கள். அமெரிக்க கம்யூனிட்டி தியேட்டர் சங்கத்தின் கணக்குப்படி இப்படிப்பட்ட குழுக்கள் 7,000க்கு மேல் இருக்கின்றன. சம்பளம் வாங்குகிறவர் பல குழுக்களில் ஒருவரோ இருவரோதான். சிலவற்றில் அதுவும் இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. பிராட்வேயை எதிர்த்துப் பிறந்த இயக்கத்தின் வாரிசுகளே இன்று பிராட்வேயின் பழைய சரக்குக்கு மிகப் பெரிய வாடிக்கையாளர்கள். இப்சனையும் ஷாவையும் போட வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் ‘ஆனி’யையும் ‘தி சவுண்ட் ஆஃப் மியூசிக்’கையும் போடுகிறார்கள். கொள்கைச் சரிவு என்று பெருமூச்சு விடலாம். நான் அப்படிப் பார்க்கவில்லை. கணக்கு எளிது. நான்கு பாத்திர நாடகம் போட்டால் நான்கு குடும்பங்கள் டிக்கெட் வாங்கும். நாற்பது பேர் நிற்கிற இசை நாடகம் போட்டால் நாற்பது குடும்பங்கள். தாத்தா பாட்டி, வகுப்பாசிரியை, அடுத்த வீட்டுக்காரர் எல்லாம் சேர்த்தி. பல குழுக்களில் ஆண்டுக்கு ஒரு பெரிய இசை நாடகம் சம்பாதித்துக் கொடுப்பதை வைத்தே யாரும் கேள்விப்படாத புது நாடகம் ஒன்று சிறிய அரங்கில் நடக்கிறது.

அப்படிச் சம்பாதித்துக் கொடுக்கிற நாடகங்களில் ‘தி மியூசிக் மேன்’ தனி ரகம். எழுதி, பாட்டும் மெட்டும் அமைத்த மெரடித் வில்சன் 1902இல் அயோவாவின் மேசன் சிட்டியில் பிறந்தவர். புல்லாங்குழலும் பிக்கலோவும் வாசிப்பார். 1920களின் தொடக்கத்தில் ஜான் ஃபிலிப் சூசாவின் புகழ்பெற்ற பேண்டில் இருந்தார். பிறகு நியூயார்க் ஃபில்ஹார்மானிக்கில். சாப்ளினின் ‘தி கிரேட் டிக்டேட்டர்’ படத்தின் இசையிலும் அவர் கை உண்டு. இத்தனைக்கும் பிறகு, ஐம்பது வயதைக் கடந்து, பல வருஷம் திருத்தித் திருத்தி எழுதியது சொந்த ஊரைப் பற்றித்தான். அவர் சூசாவோடு ஊர் சுற்றிக்கொண்டிருந்த 1921இல் அயோவா மாநிலம் ஒரு சட்டம் இயற்றியது: ஊர் மக்கள் வாக்களித்து ஒப்புக்கொண்டால், நகர பேண்டு நடத்துவதற்கென்று தனி வரி விதிக்கலாம். வாத்திய கோஷ்டிக்கு வரி கட்டச் சம்மதித்த ஊர்கள் அவை. ஹெரால்டு ஹில் போன்ற ஒருவனிடம் அங்கே ஏன் ஏமாந்தார்கள் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

இனி பிரதிக்குள் போவோம். முதல் காட்சி ரயில் பெட்டி. விற்பனைப் பிரதிநிதிகள் பெட்டி படுக்கையோடு உட்கார்ந்து, கடன் வியாபாரம் பற்றியும் ஹில் என்ற பெயர்கெட்டவனைப் பற்றியும் வம்பளக்கிறார்கள். ஆர்க்கெஸ்ட்ரா இல்லை, மெட்டு இல்லை. பேச்சே நீராவி எஞ்சினின் தாளத்தில் நடக்கிறது. ரயில் கிளம்பும்போது மெதுவாக ஆரம்பித்து, வேகம் பிடித்து, நிலையம் நெருங்கும்போது தளர்ந்து நிற்கும். இதற்கு வேண்டியது சில நாற்காலிகளும் தோல்பெட்டிகளும் செய்தித்தாள்களும் மட்டுமே. பாடத் தெரியாத ஆண்களை வைத்துக்கொண்டு அரங்கை அதிர வைக்கலாம். ஆனால் ஒத்திகையில் அதிக நேரத்தைத் தின்பதும் இதுவே. தூக்கிவிடப் பக்கவாத்தியம் கிடையாது. ஒருவர் அரை அடி பிந்தினால் மொத்தப் பெட்டியும் தடம் புரளும். அதனால் பல குழுக்களில் மெட்ரோனோமைப் போட்டுவிட்டு, உடம்பைக் குலுக்கும் அசைவை முதலில் பழக்கி, வசனத்தை அதற்கு மேல் ஏற்றுகிறார்கள்.

ஹில்லின் பாத்திரமும் இதே சூட்சுமத்தில் அமைந்தது. முதலில் அதைச் செய்த ராபர்ட் பிரெஸ்டன் சினிமா நடிகர். பாடகராகப் பெயர் வாங்கியவர் அல்லர். ஊரில் புதிதாக வந்திருக்கும் பூல் மேசையால் பிள்ளைகள் கெட்டுக் குட்டிச்சுவராவார்கள் என்று ஹில் பயமுறுத்துகிற புகழ்பெற்ற பகுதி, பாட்டு என்பதைவிடத் தாளம் தப்பாத பிரசங்கம். நாக்கு சுறுசுறுப்பும் நெஞ்சழுத்தமும் இருந்தால் போதும். ஊரில் ஒரு வக்கீலோ கார் விற்பனையாளரோ இதற்கு எப்போதும் கிடைப்பார். நிஜமாகப் பயின்ற குரல் தேவைப்படுவது நூலகரான மேரியனுக்குத்தான். அந்த ஒரு சோப்ரானோவைத் தேவாலயக் குழுவிலிருந்தோ இசை ஆசிரியைகளிலிருந்தோ கண்டுபிடித்துவிடலாம்.

ஹில்லும் மேரியனும் பாடுகிற இரண்டு பாட்டுகளில் வில்சன் செய்திருக்கும் வேலை, சங்கீதம் கேட்டுப் பழகிய தமிழ்க் காதுக்கு உடனே பிடிபடும். எழுபத்தாறு டிராம்போன்கள் அணிவகுக்கும் ஹில்லின் ஆரவாரப் பாட்டும், மேரியன் இரவில் யாரென்றே தெரியாத ஒருவனை நினைத்துப் பாடும் மெல்லிய பாட்டும் ஒரே மெட்டு. ஒன்று ஆறெட்டில் நடைபோடும் மார்ச். மற்றது மூன்று தட்டு வால்ட்ஸ். நடையை மாற்றியதும் ஊர்வலம் தாலாட்டாகிவிடுகிறது. நாடகம் முடிகிற தறுவாயில் இருவரும் இந்தப் பாட்டுகளைத் தங்களுக்குள் மாற்றிக்கொள்வார்கள். அதுவரை கவனிக்காதவர்கூட அப்போது நிமிர்ந்து உட்காருவார். மேரியன் பாடுகிற வேறொரு காதல் பாட்டைப் பீட்டில்ஸ் 1963இல் பதிவு செய்தார்கள்; அது எந்த நாடகத்தில் வந்தது என்று தெரியாமலே அதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

கம்யூனிட்டி தியேட்டர் இயக்குநர்களின் நிரந்தரத் தலைவலி ஆண் நடிகர்கள் பற்றாக்குறை. ஆடிஷனுக்கு முப்பது பெண்கள் வந்தால் ஆண்கள் ஏழெட்டுப் பேர் வருவதே அபூர்வம் என்று சலித்துக்கொள்ளாத இயக்குநர் இருக்க மாட்டார். இந்த நாடகம் ஆண்களைக் கணிசமாகவே கேட்கிறது. ஆனால் வழியையும் அதுவே காட்டுகிறது. கதையில், ஓயாமல் சண்டை போடும் நான்கு பள்ளிக் குழு உறுப்பினர்களை ஹில் ஒரே சுதியில் நிறுத்தி, பார்பர்ஷாப் நால்வராக மாற்றிவிடுகிறான். அதற்குப் பிறகு அவர்களுக்குச் சண்டை போட நேரமே கிடைப்பதில்லை. வாத்தியமில்லாமல் நான்கு ஆண் குரல்கள் இழைந்து பாடும் இந்த வகைக்கு 1938இல் ஓக்லஹோமாவின் டல்சாவில் ஒரு சங்கம் தோன்றியது. அதன் கிளைகள் பல ஊர்களில் வாரந்தோறும் கூடிப் பாடுகின்றன. பிராட்வேயில் அந்த நால்வராக நின்ற ‘பஃபலோ பில்ஸ்’ குழுவே 1950இல் அந்தச் சங்கத்தின் சாம்பியன்கள்தான். ஆகவே சிற்றூர் இயக்குநர் செய்வதும் அதையே: உள்ளூர்ப் பார்பர்ஷாப் கிளைக்குப் போன் போடுவார். ஏற்கனவே சேர்ந்து பாடிப் பழகிய நால்வர், சொந்தக் கோடுபோட்ட கோட்டுகளோடு வந்து சேர்வார்கள். ரயிலில் வந்த விற்பனைப் பிரதிநிதிகள் தொப்பியை மாற்றிக்கொண்டு ஊர்க்காரர்கள் ஆவார்கள்.

குழந்தைகள் விஷயத்தில் பிரதி இன்னும் தாராளம். பேண்டுப் பையன்கள் எத்தனை பேர் என்று அறுதியிட்டுச் சொல்ல வேண்டியதில்லை. மேடை கொள்கிற வரை சேர்க்கலாம். பேசும் பாத்திரமாக மேரியனின் தம்பி வின்த்ராப் இருக்கிறான். அப்பா இறந்த பிறகு வாய்திறக்காமல் ஒடுங்கிப்போனவன். ‘ஸ’ ஒலி வந்தால் நாக்கு பல்லில் இடறும். வில்சன் முதலில் எழுதிய வடிவங்களில் சக்கர நாற்காலியில் உடல் இயக்கம் குன்றிய ஒரு சிறுவன் இருந்தான். பல திருத்தங்களுக்குப் பின் அவன் வின்த்ராப் ஆனான். சோகத்தைக் குறைத்துக் கேளிக்கையைக் கூட்டிய மாற்றம் என்று இதைக் குறை சொல்ல இடமுண்டு. ஆனாலும் வின்த்ராப்பின் பேச்சுக் குறையை வில்சன் கையாண்ட விதத்தில் ஒரு பரிவு இருக்கிறது. ஹில் அவனுக்குக் கற்றுக்கொடுக்கும் ‘கேரி, இண்டியானா’ பாட்டில் அந்த இடறும் ஒலி அநேகமாக வராது. பையன் அதைக் கண்டுபிடித்துப் பாடிக்காட்டும்போது பார்க்கிறவர்கள் சிரிப்பதும் கண்கலங்குவதும் ஒரே நேரத்தில் நடக்கும். கேரிக்கு வேறொரு வேலையும் உண்டு. அங்குள்ள இசைக் கல்லூரியில் 1905இல் பட்டம் பெற்றதாக ஹில் அளக்கிறான். கேரி என்ற ஊரே 1906இல்தான் உருவானது. நூலகத்தில் புரட்டி இதைக் கண்டுபிடிக்கும் மேரியன், தம்பி பேச ஆரம்பித்ததைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தைக் கிழித்து ஒளித்துவிடுகிறாள்.

இதையெல்லாம் மேடையேற்ற ஊர்க் குழு யாரிடம் அனுமதி வாங்குகிறது? பதில் மீண்டும் இந்த நாடகத்தின் பிறப்புக்கே கொண்டுபோகிறது. பாடலாசிரியரும் இசையமைப்பாளருமான ஃபிராங்க் லோசரும் வாத்திய அமைப்பாளர் டான் வாக்கரும் சேர்ந்து 1952இல் மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் என்ற உரிம நிறுவனத்தைத் தொடங்கினார்கள். ‘தி மியூசிக் மேன்’ எழுதும்படி வில்சனைத் தூண்டியவர்களில் லோசர் ஒருவர். தயாரிப்பில் அவருடைய நிறுவனத்துக்குப் பங்கு இருந்தது. வாத்தியப் பகுதிகளை எழுதியவர் அதே டான் வாக்கர். பிராட்வேயில் 1,375 காட்சிகள் ஓடிய நாடகம், ஓட்டம் முடிந்ததும் பள்ளிகளுக்கும் சிற்றூர்களுக்கும் போய்ச் சேர வழி முன்கூட்டியே போடப்பட்டிருந்தது. ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யும் அதே பருவத்தில் வந்ததுதான், 1958இல் சிறந்த இசை நாடகத்துக்கான டோனி விருதை அதனிடமிருந்து வில்சனின் நாடகம் தட்டிச்சென்றது. கலை நுட்பத்தில் ‘வெஸ்ட் சைட் ஸ்டோரி’யே மேல் என்பேன். ஆனால் அதன் நடனத்தை ஒரு சிற்றூர்க் குழுவால் ஆடி முடிப்பது கடினம்.

ராயல்டி எவ்வளவு என்பது அரங்கின் இருக்கை எண்ணிக்கை, டிக்கெட் விலை, காட்சிகளின் எண்ணிக்கை ஆகியவற்றைப் பொறுத்தது. நெடுங்காலம் பிரதிகளும் வாத்தியக் குறிப்புகளும் வாடகைக்கு வந்தன. வாடகைப் புத்தகத்தில் பென்சிலால் மட்டுமே குறிக்க முடிந்தது. கடைசிக் காட்சி முடிந்து அலங்காரங்களைப் பிரித்த கையோடு, யாராவது இருவர் உட்கார்ந்து நாற்பது பேரின் மூச்சு இடங்களையும் நடைக் குறிப்புகளையும் ரப்பரால் அழிப்பார்கள். இல்லையென்றால் வைப்புத்தொகையில் பிடித்தம். ஒப்பந்தத்தின் மிகக் கண்டிப்பான சரத்து வேறு: அனுமதியின்றி வசனத்திலோ பாட்டிலோ ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது.

குடும்பத்தோடு பார்க்கத்தக்கது என்று பெயர் வாங்கிய ஒரு பழைய படைப்பில் இந்தச் சரத்து எங்கே உறுத்தும் என்று பார்க்கலாம். மேயரின் மனைவி நடத்தும் கலை நிகழ்ச்சியில் ஊர்ப் பெண்கள் பழங்குடி மக்களைப் போல வேடமிட்டு வருகிறார்கள். வில்சன் அந்தச் சீமாட்டிகளின் அசட்டுத்தனத்தைக் கிண்டல் செய்யவே அதை எழுதினார் என்று வாதிடலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தக் கிண்டல் புரியாது. இறகு குத்திய தலைப்பாகை மட்டும் கண்ணில் நிற்கும். இன்னொரு துள்ளல் பாட்டில், எளிதில் இணங்காத பெண்ணே மேலானவள் என்ற பழைய கணக்கு வருகிறது. 2022இல் ஹியூ ஜாக்மன் நடித்த பிராட்வே மறு அரங்கேற்றத்தில் அந்தப் பாட்டின் வரிகளை மார்க் ஷைமனும் ஸ்காட் விட்மனும் மாற்றி எழுதினார்கள். பெரிய முதலீட்டோடு வருகிறவர்களுக்கு அந்த வாசல் திறக்கிறது. சிற்றூர் இயக்குநருக்கு உள்ளவை உடை வடிவமைப்பும் நடிப்பின் தொனியும் மட்டுமே. காப்புரிமை 2050களின் தொடக்கம் வரை நீடிக்கும் நிலையில், இந்தச் சங்கடம் இன்னும் ஒரு தலைமுறைக்கு இருக்கும்.

இப்போது இன்னொரு வழி பரவலாகிவருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கென்று சுமார் ஒரு மணி நேரமாகச் சுருக்கி, சுருதியைச் சிறுவர் குரலுக்கு ஏற்ப மாற்றிய ‘ஜூனியர்’ வடிவங்கள். பதிவு செய்த பக்கவாத்தியத்தோடு வருவதால் ஆர்க்கெஸ்ட்ரா செலவு மிச்சம். ஊர்க் குழுக்களும் தங்கள் கோடைக்கால வகுப்புகளுக்கு இதை விரும்பி எடுக்கின்றன. ‘தி மியூசிக் மேன்’ இந்த வடிவத்திலும் கிடைக்கிறது. மற்ற நாடகங்களுக்கு இது பொருந்தலாம். இதற்கு மட்டும் பொருந்தவில்லை என்பது என் கருத்து. மேயரும் பன்னிரண்டு வயது, அவன் மிரட்டுகிற பையனும் பன்னிரண்டு வயது என்றால், பெரியவர்கள் ஏமாறுகிறார்கள், பிள்ளைகள் அந்த ஏமாற்றிலிருந்து எதையோ பெறுகிறார்கள் என்ற நாடகத்தின் நடுநரம்பு அறுந்துபோகிறது. முழு வடிவத்தில், எழுபது வயதுத் தபால்காரர் ஒருவர் பத்து வயதுப் பெண்ணோடு சில வாரங்கள் மாலைதோறும் ஒரே கூடத்தில் நின்று, ஒரே வரியை மாறி மாறித் தப்பாகப் பாடுகிறார். ஊரில் வேறெங்கும் அந்த இருவருக்கும் பேசிக்கொள்ளக் காரணம் இருந்திருக்காது. செலவு கூடினாலும், ஆண் குரல்கள் குறைந்தாலும், முழு நாடகத்தையே எடுக்கும்படி குழுக்களுக்குச் சொல்வேன். ஆர்க்கெஸ்ட்ரா கட்டுப்படியாகாவிட்டால் பியானோ ஒன்றே போதும். ரயில் காட்சிக்கு அதுவும் வேண்டாம்.